பையில் வைத்த சுண்ணாம்பு

கீழப்பழுவூர்
2-11-1981

அன்புள்ள மாமாவுக்கு உண்ணாமலை எழுதுவது. இங்கே நானும் நம் பயல்கள் இருவரும் சுகம். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதவும்.

நேற்று பாடாலூர் போய் வந்தேன். என் தங்கச்சி அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கிடக்கிறாள். புருஷன் துபாய்க்குப் போகிறான் என்றால் மற்றவள்கள் தலைகால் தெரியாமல் ஆடுகிறார்கள், சிந்தாமணிக்கு மட்டும் அழுகை. கைக்குழந்தையோடு மாமியார் காத்தாயியிடம் தனியாக மாட்டிக்கொள்கிறோமே என்ற பயம்தான். ராசாங்கம் தம்பி பாவம், இவளைத் தேற்றுவதா பெட்டி கட்டுவதா என்று தெரியாமல் நிற்கிறார். வியாழக்கிழமை பாடாலூரிலேயே மெட்ராஸ் பஸ் ஏறுகிறார். அப்புறம் பம்பாய்க்கு ரயில். பம்பாயில் தங்க அறை, விமான டிக்கெட் எல்லாம் லப்பைக்குடிக்காடு யாக்கூபு பாய் ஏற்பாடு. உங்கள் கம்பெனியிலேயே வேலை பிடித்துக் கொடுத்தீர்களே, மாமாவுக்குக் கோடிப் புண்ணியம் என்று சிந்தாமணி எழுதச் சொன்னாள்.

உங்களுக்கு ஒரு பை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதில் உப்பு நார்த்தங்காய் ஒரு பாட்டில். கூடவே நீங்கள் கேட்டிருந்த சுண்ணாம்பு. அங்கே கடைச் சுண்ணாம்பு வாயை வேக வைக்கிறது, வெற்றிலையே வெறுத்துவிட்டது என்று ஒரு பக்கம் புலம்பியிருந்தீர்களே. நீற்றிய சுண்ணாம்பு அனுப்பினால் வந்து சேர்வதற்குள் காய்ந்து கட்டியாகிவிடும். அதனால் காளவாயில் சுட்ட கல்லாகவே வாங்கி, பால் பவுடர் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றியிருக்கிறேன். என் மூளையைப் பார்த்தீர்களா. அங்கே நீங்களே தண்ணீர் விட்டு நீற்றிக்கொள்ளுங்கள். மூஞ்சியைத் தள்ளி வைத்துக்கொண்டு ஊற்றுங்கள், கொதித்துத் தெறிக்கும்.

ராசாங்கம் தம்பியைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறென்ன, உடம்பைக் கவனியுங்கள்.

உண்ணாமலை


துபாய்
16-11-1981

அன்புள்ள உண்ணாமலைக்கு வீரமுத்து எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். வேறு சுகம் எழுத மனசில்லை. தந்தி கிடைத்திருக்கும்.

அன்றைக்கு வேலை முடிந்து குளித்து, சகலையை அழைத்துவர ஏர்போர்ட் போனேன். கூட்டிவர ஆள் நிற்காவிட்டால் பயந்துவிடுவாரே என்று முன்னதாகவே போய் நின்றேன். விமானம் வரவில்லை. தாமதம் என்றார்கள். பிறகு தாமதம் என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். விடிந்த பிறகுதான் ஒரு மலையாளி வந்து, பம்பாயில் கிளம்பின சற்று நேரத்தில் கடலில் விழுந்துவிட்டது, ஒருவரும் மிஞ்சவில்லை என்றார். நான் அவரிடம், எங்கள் ஆள் புதிது, ஒருவேளை ஏறாமல் விட்டிருப்பார் என்று சண்டை போட்டேன். பெயர்ப் பட்டியலைக் காட்டினார்கள்.

எங்கள் அறையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவன் குண்டு என்கிறான். ஒருவன் இஞ்சின் என்கிறான். ஓட்டினவருக்குத் தலை சுற்றியிருக்கும் என்கிறான் இன்னொருவன். எதைக் கேட்டாலும் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது, வேலைக்கு வரச்சொல்லி எழுதினவன் நான். சிந்தாமணியைப் போய்ப் பார். என்ன சொல்வாயோ தெரியாது, போய்ப் பார்.

வீரமுத்து


கீழப்பழுவூர்
4-12-1981

அன்புள்ள மாமாவுக்கு. பயல்கள் சுகம். நான் நடமாடுகிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

பாடாலூரில் பதினாறு நாளும் இருந்துவிட்டு வந்தேன். உடம்பு கிடைக்கவில்லை என்று யாக்கூபு பாய் வந்து சொல்லிவிட்டார். மனுஷன் வாசலிலேயே நின்று குழந்தை மாதிரி அழுதார். ராசாங்கம் தம்பி உடுத்தின வேட்டியைக் கொளுத்தி ஏரியில் கரைத்து, காரியம் முடித்தார்கள். தாலியைக் கழற்ற மட்டும் சிந்தாமணி விடவில்லை. எப்படிச் செத்தார் என்று யாராவது ஒருத்தர் சொல்லட்டும், கழற்றித் தருகிறேன் என்கிறாள். யார் சொல்வது? பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் விமானம் ஓட்டுகிறார்கள். பறவை மோதியது என்கிறார் ஒருவர், இடி விழுந்தது என்கிறார் ஒருவர்.

இனி நான் எழுதப் போவதை நன்றாகப் படியுங்கள். போன வாரம் பேப்பரில், சாமான் வைக்கும் இடத்தில் ஏதோ வெடித்திருக்கலாம் என்று போட்டிருந்தான். படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. அந்தச் சுண்ணாம்பு டப்பா. பக்கத்திலேயே நார்த்தங்காய்ப் பாட்டில், உப்புத் தண்ணீரோடு. பாட்டில் உடைந்து தண்ணீர் டப்பாவுக்குள் இறங்கியிருந்தால்? மூடி இறுகின டப்பாவில் கல் கொதித்தால் என்ன ஆகும் என்று அரியலூர்ப் பக்கத்துக்காரிக்குச் சொல்லித்தர வேண்டாம். சின்ன வயதில் காளவாய் வண்டி ஒன்று மழையில் மாட்டி, கூண்டோடு பற்றி எரிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

மாமா, நான்தானா? நான்தான் கொன்றேனா? அங்கே விமானம் தெரிந்தவர்கள் யாரையாவது கேட்டு உடனே எழுதுங்கள். சோறு இறங்கவில்லை.

உண்ணாமலை


துபாய்
20-12-1981

அன்புள்ள உண்ணாமலைக்கு. உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். இடுப்பு வலி தேவலை. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, கம்பளி வாங்கியிருக்கிறேன். கம்பெனியில் புதுக் கட்டடம் எடுத்திருக்கிறார்கள், கம்பி கட்டும் வேலை நிறைய இருக்கிறது. சிவப்புப் பசுவின் கன்றுக்கு மறக்காமல் பூச்சி மருந்து கொடு. பெரியவன் கணக்கில் குறைவாக வாங்குகிறான் என்று முன்பு எழுதியிருந்தாய், அடிக்காதே. சின்னவனுக்குப் பொங்கலுக்குச் சட்டை எடுத்துக் கொடு. சிந்தாமணிக்கு ஆறுதல் சொல். எல்லாம் தலையெழுத்து. இங்கே எல்லோரும் சுகம்.

வீரமுத்து


கீழப்பழுவூர்
5-1-1982

அன்புள்ள மாமாவுக்கு. எல்லோரும் சுகம், கன்றுக்கும் மருந்து கொடுத்தாயிற்று.

கன்றைக் கேட்டீர்கள், கணக்கைக் கேட்டீர்கள், சட்டையைக் கேட்டீர்கள். நான் கேட்டதற்கு ஒரு சொல் இல்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓரத்தில் எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்று. இல்லை. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

சிந்தாமணி இப்போது நம் வீட்டில் இருக்கிறாள். காத்தாயி துரத்திவிட்டாள். காரணம் கண்டுபிடித்துவிட்டாளாம் மகராசி. அன்றைக்கு ராசாங்கம் தம்பி வாசல் தாண்டி பஸ்ஸுக்கு நடந்தபோது, சிந்தாமணி பின்னாலிருந்து "இந்தாங்க" என்று கூப்பிட்டாளாம். போகிறவரைப் பின்னால் கூப்பிட்டால் விளங்குமா, ராசி கெட்டவ என்று ஊர் கேட்கக் கத்தி, பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டாள். அத்தனை பேர் ஏறின விமானத்தை என் தங்கச்சியின் ஒரு வார்த்தை கடலில் இழுத்துப் போட்டுவிட்டதாம். சிரித்துவிடலாம். ஆனால் சிந்தாமணி அதை நம்புகிறாளே, என்ன செய்வேன். "நான் கூப்புட்டிருக்கக் கூடாதுக்கா" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சில்லை. சாப்பிடுவதில்லை. பால் வற்றிவிட்டது. பாப்பாவுக்கு நான்தான் பசும்பால் புகட்டுகிறேன், என் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது.

எதற்காகக் கூப்பிட்டாள் தெரியுமா? நான் கொடுத்த பையை அவர் மறந்து வைத்துவிட்டுப் போனார். அதை எடுத்துக் கொடுக்கத்தான் கூப்பிட்டாள்.

பதில் எழுதுங்கள். இல்லை என்று எழுதுங்கள், ஆமாம் என்றாவது எழுதுங்கள்.

உண்ணாமலை


துபாய்
2-2-1982

அன்புள்ள உண்ணாமலைக்கு. நான் சுகம் என்று எழுதுவது பொய். தூக்கமில்லை.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. கை வரவில்லை. ஏர்போர்ட்டில் சாமான் ஏற்றுகிற ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். சுண்ணாம்பு என்றதும் சிரித்தார், தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். தெரியாது என்றார். கம்பெனி இஞ்சினீயரைக் கேட்டேன், டப்பா எத்தனை பெரிது என்றார், சொன்னேன், அவரும் தெரியாது என்றார். தெரிந்தவர்கள் எல்லோரும் தெரியாது என்கிறார்கள். தெரியாதவர்கள்தான் அடித்துச் சொல்கிறார்கள்.

சுண்ணாம்பு கேட்டு எழுதினவன் நான். நாக்கு ருசிக்காகக் கேட்டேன். வெற்றிலையை விட்டுவிட்டேன். இதை யாரிடமும் சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

வீரமுத்து


கீழப்பழுவூர்
26-2-1982

அன்புள்ள மாமாவுக்கு. பயல்கள் சுகம். உங்கள் பேச்சை மீறிவிட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை வயலிலிருந்து வந்தேன். பாப்பா கூடத்தில் அழுதுகொண்டிருந்தது, சிந்தாமணியைக் காணோம். கொல்லைப் பக்கம் ஓடினால் கிணற்றுச் சுவரில் ஏறி நிற்கிறாள். கூப்பிடக்கூட எனக்குப் பயம். பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தேன், இருவரும் விழுந்தோம். அங்கேயே, மண்ணில் கிடந்தபடியே சொல்லிவிட்டேன். "நீ கூப்புட்டதால இல்லடி. நான் வெச்ச சுண்ணாம்பு. அதுதான் வெடிச்சுது."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். டப்பா எவ்வளவு பெரிது, மெழுகு எதில் ஊற்றினேன், பாட்டிலைப் பக்கத்திலா வைத்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். போலீஸ்காரன்கூட அப்படிக் கேட்கமாட்டான். எல்லாம் சொன்னேன். நீங்கள் கேட்டு எழுதினதை மட்டும் சொல்லவில்லை. நானாகத்தான் அனுப்பினேன் என்றேன். உங்கள் தலையிலும் எதற்கு என்றுதான்.

கடைசியில் சொன்னாள்: "குண்டுங்கறாங்க, இஞ்சினுங்கறாங்க, எனக்கு ஒண்ணுமே புரியல. சுண்ணாம்பு புரியுதுக்கா."

அன்று சாயங்காலம் தானாகவே கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். மறுநாள் குளித்துவிட்டு, தாலியைக் கழற்றி சாமி மாடத்தில் வைத்தாள். நான் பாடாலூர் போய் காத்தாயியிடமும் சொன்னேன். மண்ணை வாரி என் மேல் தூற்றினாள். தூற்றட்டும். மூன்றாம் நாள் பேத்திக்கென்று அரிசி வந்தது, சிந்தாமணியைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

சிந்தாமணி என்னைத் திட்டவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். பாப்பாவை மட்டும் என் கையில் தருவதில்லை. நான் கை நீட்டினால் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுகிறாள். வேறு போக்கிடம் இருந்தால் போயிருப்பாள். அப்பா அம்மா இல்லாத பெண், எங்கே போவாள்.

உண்ணாமலை


துபாய்
15-3-1982

என் அன்புள்ள உண்ணாமலை! நான் சுகம், சுகம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் நீயும் சுகமாகிவிடுவாய்.

உன் பை வந்துவிட்டது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த ஒரு பையன் யாக்கூபு பாயின் பம்பாய் அறையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தான். ஏர்போர்ட்டில் சகலையின் பெட்டி எடை கூடிவிட்டதாம். எதையாவது எடுத்துவிடு என்றதும் இந்தப் பையை வழியனுப்ப வந்த அறைக்காரரிடம் கொடுத்து, அடுத்து வருகிறவரிடம் கொடுத்தனுப்பச் சொன்னாராம். இத்தனை மாதம் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. நீ ஊற்றின மெழுகுகூட விரிசல் விடவில்லை. பாட்டில் முழுசாக இருக்கிறது. விமானத்தில் ஏறவே இல்லை! உன் மேல் குற்றமில்லை, என் மேலும் இல்லை. அறையில் நான் சத்தம் போட்டு அழுததில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

ஓடிப்போய் சிந்தாமணியிடம் சொல். பாப்பாவை வாங்கி நான் கொடுத்ததாக ஒரு முத்தம் கொடு.

வீரமுத்து


கீழப்பழுவூர்
2-4-1982

அன்புள்ள மாமாவுக்கு. எல்லோரும் சுகம். இதை நானே அரியலூர் போய்த் தபாலில் போடப் போகிறேன்.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் வாய்க்கால் பாலத்தில் என்னைப் பார்த்துக் கையில் கொடுத்தார். அங்கேயே பிரித்துப் படித்தேன். பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன், அழுதேன். மாடு ஓட்டிப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இனி பாப்பாவைத் தூக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பெண் பிள்ளை பெறாத எனக்கு அந்தச் சின்னச் சனியன் மேல் அத்தனை ஆசை. வீட்டுக்கு ஓட்டமாக ஓடினேன்.

சிந்தாமணி பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நான் நின்றதைப் பார்த்து, என்றைக்கும் இல்லாத அதிசயமாக அவளே பேசினாள். "நீ சொல்லாம இருந்திருந்தா நான் அன்னிக்கே கெணத்துல போயிருப்பேன். நான் கூப்புட்டதால இல்லன்னு தெரிஞ்சுதே. அது போதும்."

கடிதத்தை மடித்துப் பிடித்துக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள். சுண்ணாம்பு இல்லை என்று சொன்னால், பின்னே எது என்று கேட்பாள். உங்களுக்குத் தெரியுமா? பேப்பர்காரனுக்குத் தெரியுமா? ஒருத்தருக்கும் தெரியாது. அந்த இடத்தில் மறுபடியும் அவள் கூப்பிட்ட வார்த்தைதான் வந்து உட்காரும். காத்தாயி ஒரு நாள் பொறுக்கமாட்டாள். கிணறும் கொல்லையில் அப்படியேதான் இருக்கிறது.

மாமா என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். சுகமாம் என்றேன். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் என் மேல் குற்றமில்லை என்று உங்கள் கையால் எழுதியிருந்ததே. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கஷ்டம் இன்னும் போகவில்லை.

இனி அந்தப் பேச்சை எழுதாதீர்கள். நான் வயலில் இருக்கும் நேரம் தபால் வருகிறது, தேறினதிலிருந்து அவள்தான் பிரித்துப் படித்துக் காட்டுகிறாள். அந்தப் பையனிடமும் யாக்கூபு பாயிடமும் சொல்லி வையுங்கள். பாப்பா இப்போது தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிறது. தள்ளி நின்று பார்க்கிறேன்.

உண்ணாமலை


துபாய்
11-5-1982

அன்புள்ள உண்ணாமலைக்கு. நான் சுகம். பயல்களுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். ஆவணியில் லீவு தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள்.

விமான விசாரணை பற்றிப் பேப்பரில் வந்தது. உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லையாம்.

சிந்தாமணிக்கு ஒரு செய்தி. அம்மா, உன் அக்கா உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறாள். அந்தச் சுண்ணாம்பை அவளாக அனுப்பவில்லை. வாய் வேகிறது, ஊர்ச் சுண்ணாம்பு வேண்டும், அனுப்பியே ஆகவேண்டும் என்று கடிதம் போட்டவன் நான். புருஷன் கேட்டதை அனுப்பினாள், அவ்வளவுதான் அவள் செய்தது. உன் புருஷனை இங்கே வரவழைத்தவனும் நான், அந்தப் பையைச் சுமக்க வைத்தவனும் நான். உனக்கு வருகிற கோபமெல்லாம் என் மேல் இருக்கட்டும். உன் அக்காவை விட்டுவிடு.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

வீரமுத்து


கீழப்பழுவூர்
1-6-1982

அன்புள்ள மாமாவுக்கு. எல்லோரும் சுகம். மழை இல்லை.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல சிந்தாமணிதான் படித்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். லீவு வரைக்கும் சத்தமாகப் படித்தாள். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. எனக்கு ஒன்றும் புரியாமல், என்னடி என்றேன்.

"மாமா கேட்டா அனுப்புன?"

ஆமாம் என்றேன். அது பொய்யில்லையே. ஏன் சொல்லவில்லை, இத்தனை மாசமும் ஏன் சும்மா இருந்தாய் என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு உள்ளே போய், தூங்கின பாப்பாவை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். கனமாகிவிட்டது மாமா. விழித்து என்னைப் பார்த்து முதலில் அழுதது, அடையாளம் மறந்துவிட்டது போல. கொஞ்ச நேரத்தில் என் மூக்குத்தியைப் பிடித்துத் திருக ஆரம்பித்துவிட்டது. அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், கால் மரத்துப் போனது.

எழுந்து பார்த்தபோது சுவரில் உங்கள் படம் இல்லை. கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பேன்? ஆவணியில் நீங்கள் வந்தால் அவள் பாடாலூர் போய்விடுவாளாம், உங்கள் முகத்தில் விழிக்கமாட்டாளாம். காத்தாயியே மேல் என்கிறாள். எழுதுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். பாப்பா மடியில் இருக்கும்போது, நல்லவேளை கேட்கவில்லை என்றும் தோன்றுகிறது. என்னைப் போல ஒரு பாவி உண்டா.

வாருங்கள் என்று எழுத முடியவில்லை. வராதீர்கள் என்று எழுதக் கை வருமா.

பதில் போடும்போது சிந்தாமணியை விசாரித்து ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். படித்துக் காட்டும்போது அந்த வரியைத் தாண்டிவிடுவாள். தாண்டினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுங்கள்.

உண்ணாமலை